யாருக்காக யார் காத்திருப்பது? புலம்பெயர் எழுத்தும் மணிக்கூடும்

புலம்பெயர்ந்தோரின் கதைகளிலும் கவிதைகளிலும் மணிக்கூடு வரும்போதெல்லாம் அது எதிரியாகவே வருகிறது. அதிகாலையில் அலாரம் அடிக்கிறது, பனிக்குள் பஸ் பிடிக்க ஓடுகிறோம், கோப்பை கழுவுகிறோம், திரும்பி வரும்போது அறை இருட்டாயிருக்கிறது. அடுத்த பந்தியில் ஊர் வந்துவிடும். மாமர நிழல், கிணற்றடி, கோயில் மணி, முடிவில்லாத பின்னேரம். நாற்பது ஆண்டுகளாக எமது சிற்றிதழ்களில் இந்த அமைப்பு எத்தனை தரம் அச்சேறியிருக்கும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கினால் எமது சொந்த எழுத்துக்களும் அதில் அகப்படும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

ஐரோப்பாவின் காலம் வேகமானது, கொடியது. ஊரின் காலம் மெதுவானது, இனியது. இந்தப் பிரிப்பு எமது அனுபவத்திலிருந்து வந்ததா, அல்லது வாசித்தும் எழுதியும் பழகிப்போனதால் வந்ததா? எமக்குப் படுவது இதுதான்: காலம் வேகமா மெதுவா என்பதைவிட, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே ஒரு நகரத்தின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. எமது எழுத்து முதலாவது கேள்வியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதைக் கேட்டிருந்தால் இங்குள்ள நகரங்களைப் பற்றியும், ஊரைப் பற்றியும், எமது வீடுகளைப் பற்றியும் வேறு விதமாக எழுதியிருப்போம்.

இதனைத் திரிம்பாக்கில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆறாயிரத்துச் சொச்சம் சனம் வாழும் இவ்விடம் பெயருக்குத்தான் கிராமம். ஓல்ரன் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஓல்ரனோ சுவிஸ் ரயில்களெல்லாம் சந்திக்கும் சந்தி. நாட்டின் ரயில் பாதைகளுக்குத் தூரம் அளக்கத் தொடங்கிய பூச்சியக் கல் அங்கேதான் நிற்கிறது. சூரிச், பேர்ண், பாசல், லுட்சேர்ன் எல்லாமே அங்கிருந்து அரை மணித்தியால அளவில். சுவிஸில் காலம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

காலம் செய்யப்படுகிறது என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறோம். திரிம்பாக்கிற்கு வடக்கே ஹவென்ஸ்டைன் மலை. அதனைக் குடைந்து லொய்பல்பிங்கனுக்குப் பாதை போடும் வேலை 1853இல் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் தோமஸ் பிராஸி என்ற ஆங்கிலேயர். 1857 மே 28ஆம் திகதி, காற்றோட்டத்துக்காக வெட்டியிருந்த குழியின் மரச்சட்டங்களில் தீப்பற்றி, குழி இடிந்து விழுந்து சுரங்கத்தை அடைத்துக்கொண்டது. உள்ளே அகப்பட்ட 52 தொழிலாளர் இறந்தனர். அவர்களை மீட்கப்போன 11 பேரும் புகையினால் இறந்தனர். மொத்தம் 63 பேர். திரிம்பாக் மயானத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1858இல், ரயில் ஓடத் தொடங்கியது. பாசலிலிருந்து தெற்கே போகிறவருக்கு மலையேறும் நேரம் மிச்சமாயிற்று.

மிச்சமான அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மயானத்துக் கல்லைத்தான் காட்ட வேண்டும். 1916இல் எட்டுக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டபின் பெரிய ரயில்களெல்லாம் அதனால் போகின்றன. பழைய சுரங்கத்தால் உள்ளூர் ரயில் ஒன்று மாத்திரம் போகிறது. அதற்குப் பதிலாக பஸ் விடலாமா என்று 2017இல் பாசல்லாண்ட் மாநிலத்தில் வாக்கெடுத்தபோது, இந்த மெதுவான ரயிலே வேண்டும் என்று அந்த மக்கள் முடிவு சொன்னார்கள். ஆகவே ஐரோப்பியர் எல்லாம் வேகத்தை வழிபடுகிறவர்கள் என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஓல்ரன் ஸ்ரேசனில் தொங்கும் மணிக்கூட்டையும் பார்க்கலாம். ஹான்ஸ் ஹில்பிக்கர் என்ற ரயில்வே பொறியியலாளர் 1944இல் வடிவமைத்தது. 1953இல் அதற்குச் சிவப்பு விநாடிமுள் சேர்த்தார். ரயிலை அனுப்பும் உத்தியோகத்தர் கையில் பிடிக்கும் சிவப்புத் தட்டின் வடிவம் அதற்கு. அந்த முள் ஒரு சுற்றை ஏறக்குறைய 58.5 விநாடியில் ஓடி முடித்துவிடும். பிறகு உச்சியில் நின்று, தலைமை மணிக்கூட்டிலிருந்து வரும் மின்துடிப்புக்காகக் காத்திருக்கும். துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஒரு தரம் துள்ள, இதுவும் மறுபடி ஓடும். நாட்டிலுள்ள மணிக்கூடுகளெல்லாம் ஒரே நேரம் காட்டுவதற்கு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிமிடமும் ஒன்றரை விநாடி காத்திருக்கிறது.

சுவிஸ் ரயிலின் இரகசியமும் இதுவே. 1982 மே 23ஆம் திகதி தொடங்கிய ஒழுங்கான மணித்தியால நேரசூசியிலும், 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 'ரயில் 2000' திட்டத்திலும், உலகிலேயே வேகமான ரயிலை ஓட்டுவது நோக்கமாக இருக்கவில்லை. ஒரு ரயில் வந்து சேரும்போது மற்றது அங்கே நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பேர்ணிலிருந்து சூரிச்சுக்கு 69 நிமிடம் எடுத்தது 56 ஆனது. ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால் சந்திப்புத் தவறாது, அதற்குமேல் விரைய வேண்டியதில்லை என்ற கணக்கு. இந்த ஒழுங்கின் அடியில் இருப்பது ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கும் ஏற்பாடுதான். யாருக்காகக் காத்திருக்கப்படும், யாருக்காகக் காத்திருக்கப்படமாட்டாது என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம்.

இதே ஸ்ரேசனின் மேடையில் காலை ஐந்தரைக்கு நிற்கிறவர்களைப் பார்ப்போம். சூரிச்சில் வங்கி வேலைக்குப் போகிறவர் ஒருவர். அவருடைய வேலைத்தலத்தைத் துப்புரவு செய்ய, அவருக்கு முன்னே போய்ச்சேர வேண்டிய எம்முடைய பெண்ணொருத்தி. வயோதிபர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வருகிற இன்னொருத்தி. மூவருக்கும் மேலே ஒரே மணிக்கூடு. ஆனால் வங்கிக்காரருக்கு அது நாளின் தொடக்கம். இரவு வேலை முடித்தவருக்கு முடிவு. துப்புரவு செய்யப் போகிறவருக்குத் தொடக்கமுமில்லை முடிவுமில்லை. காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு மணித்தியாலம், இடையில் வீடு. மற்றவர்கள் இல்லாத நேரந்தான் அவளுடைய வேலைநேரம். அவள் வந்துபோனது தெரியாமலிருப்பதே அவளது வேலையின் சிறப்பு.

உணவகங்களில் நின்றவர்களுக்கு 'சிம்மர்ஸ்ருண்ட' என்றால் விளங்கும். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை உள்ள இடைவெளி. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சம்பளமில்லை. வீட்டுக்குப் போய்வரத் தூரம் விடாது. மேலே அறை உள்ளவன் போய்ப் படுப்பான். அறையில்லாதவன் ஸ்ரேசன் மண்டபத்தில் இருப்பான், கடைத்தெருவில் நடப்பான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது இளைஞர்கள் எத்தனை பேர் தங்கள் இருபது வயதின் பின்னேரங்களை இப்படிக் கழித்தார்கள்! வேலையுமில்லாத, ஓய்வுமில்லாத அந்த மூன்று மணித்தியாலங்களைப் பற்றி எமது இலக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது? கோப்பை கழுவியதைப் பற்றி ஏராளம் உண்டு. கோப்பைகளுக்கு இடையில் இருந்த நேரத்தைப் பற்றி மிகச் சொற்பமே கண்டிருக்கிறோம். ஆனால் கடிதங்கள் எழுதப்பட்டதும், இயக்கச் சண்டைகள் தர்க்கிக்கப்பட்டதும், சிற்றிதழ்கள் திட்டமிடப்பட்டதும் அந்த நேரத்திலேதான்.

இனி, அனுமதி அட்டையின் காலம். சுவிஸ் அரசு பிறநாட்டவரைக் காலத்தால் வகுத்து வைக்கும் வழக்கம் எம்மோடு தொடங்கியதல்ல. 1934இலிருந்து 2002வரை நடைமுறையில் இருந்த பருவகாலத் தொழிலாளர் சட்டத்தின்படி, இத்தாலியனும் ஸ்பானியனும் யூகோஸ்லாவியனும் ஆண்டில் ஒன்பது மாதம் இங்கே உழைத்துவிட்டு மூன்று மாதம் வெளியேற வேண்டும். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. கூட்டிவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வளர்த்தார்கள். பள்ளிக்கூட மணி கேட்கும் தூரத்தில், பள்ளிக்கூடம் போகாமல், சத்தம் போடாமல் இருந்த பிள்ளைகள். எமக்கு முன் வந்தவர்களின் இந்தக் கதை எமது எழுத்தில் இடம்பெறாதது ஒரு குறை. எம்முடைய காத்திருப்புத்தான் உலகத்தின் முதல் காத்திருப்பு என்பதுபோல் எழுதிவந்திருக்கிறோம்.

எமக்கு வாய்த்தது 'என்' அட்டையும் 'எப்' அட்டையும். 'என்' என்றால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. 'எப்' என்றால் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகம் என்ற சொல்லுக்குள் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வாழ்ந்தவர்களை நாம் அறிவோம். கட்டில் வாங்காமல் மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தவர்கள். அடுத்த வருஷம் எங்கேயோ, எதற்குக் கட்டில் என்று கேட்டவர்கள். 1994இல் இலங்கை அரசோடு திருப்பியனுப்பும் உடன்படிக்கை கைச்சாத்தானபோது அந்த மெத்தையும் பாரமாயிற்று. பிறகு 2000 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மனிதாபிமான நடவடிக்கையில், 1992 டிசம்பர் 31க்கு முன் வந்தவர்களுக்கு இங்கே இருக்க வழி பிறந்தது. 1992 டிசம்பரில் வந்தவனும் 1993 ஜனவரியில் வந்தவனும் ஒரே சமையலறையில் நின்றார்கள். ஒருவனுக்குக் காலம் திறந்தது, மற்றவனுக்குத் திறக்கவில்லை. இருவரும் இழந்த வீடும் ஓடிவந்த காரணமும் ஒன்றாயிருந்தும் திகதி வேறாயிருந்தது.

பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1997இல் வெளிவந்த நூலொன்றில், ஒருவரைக் காக்கவைக்க முடிவதே அதிகாரத்தின் அடையாளம் என்ற பொருளில் எழுதினார். மறுப்புச் சொல்லாமலும் சம்மதம் சொல்லாமலும் நம்பிக்கையை உயிரோடு வைத்துக்கொண்டே தள்ளிப்போடுவது. இதனை விளங்கிக்கொள்ள எமக்கு நூல் தேவையில்லை. தபால்பெட்டியைத் திறக்கும் கை போதும். ஆனால் இந்த அறிவை நாம் ஐரோப்பாவை நோக்கி மாத்திரம் திருப்பினோம். ஊரை நோக்கித் திருப்பவில்லை.

ஊரில் காலம் மெதுவாக இருந்ததா? யாருக்கு? யாழ்ப்பாணத்துப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு ரியூசனுக்குச் சைக்கிள் உழக்கியதை மறந்துவிட்டோமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் இருந்து, அந்த நாட்டு ரயில்களை நேரத்துக்கு ஓடவிட்டவர்கள் எமது பாட்டன்மார். பென்சன் எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்னும் கிராமங்களில் நிற்கின்றன. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாக யாழ்ப்பாண நகரில் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரத்தை, யுத்தத்தில் சிதையும்வரை, எமது பெருமையாகவே சொல்லிவந்தோம். மணிக்கூட்டை ஐரோப்பாவில் வந்துதான் முதன்முதல் கண்டோம் என்ற பாவனை நாம் எழுத்தில் செய்துகொண்டது.

அதைவிட முக்கியமானது, காத்திருப்பு ஊரிலும் பங்கிடப்பட்டிருந்தது. முடிவில்லாத பின்னேரம் யாருடையது? தோட்டத்தில் இறைப்பு முறை வரும்வரை வரம்பில் குந்தியிருந்தவனுடையதா, திண்ணையில் இருந்தவருடையதா? கூலிக்காகப் படலைக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தப் பின்னேரம் எப்படி இருந்தது? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு நின்றவர்களுக்கு, நாம் உருகி எழுதும் கோயில் மணி எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது? கே. டானியலை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் நாடு கடந்தபின் எழுதிய எமது நனவிடை தோய்தல்களில் டானியலின் ஊர் இல்லை. எல்லோரும் திண்ணையிலேயே இருந்ததுபோல எழுதியிருக்கிறோம். ஊரில் எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிட்ட அம்மாவை அன்பின் வடிவமாக எழுதினோம். அவள் தினமும் எல்லோருக்காகவும் காத்திருந்தாள் என்று எழுதவில்லை.

அவளுடைய மகள்களும் அதையே செய்தார்கள். அட்டை கிடைத்தபின் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்காக யாழ்ப்பாணத்திலும் கொழும்பு லொட்ஜுகளிலும் ஆண்டுக்கணக்காக இருந்த பெண்கள் எத்தனை பேர். அரசு அவனைக் காக்கவைத்தது, அவன் அவளைக் காக்கவைத்தான். இந்தச் சங்கிலியில் அவனுடைய முனை மாத்திரமே எமது இலக்கியத்தில் பதிவாயிருக்கிறது.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்ஸன் 1967இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையொன்று இங்கே உதவும். ஆலைத்தொழில் வந்தபோது உழைப்பவர்மேல் மணிக்கூட்டு ஒழுக்கம் எப்படிச் சுமத்தப்பட்டது என்று அவர் ஆராய்ந்தார். எமது விமர்சகர்கள் பலர் அதன் முதற்பாதியையே எடுத்துக்கொண்டனர்: முன்பு வேலையை அளவாகக் கொண்டு வாழ்ந்தோம், பிறகு மணிக்கூடு வந்து கெடுத்தது என்று. ஆனால் தொம்ஸன் அங்கே நிற்கவில்லை. அடுத்தடுத்த தலைமுறைத் தொழிலாளர் மணிக்கூட்டை வெறுப்பதை விட்டு, அதனை வைத்தே சண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டதையும் காட்டினார். பத்து மணித்தியால வேலைநாள், மேலதிக நேரத்துக்கு மேலதிகச் சம்பளம். எமது சமையலறைகளிலும் அப்படிச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. மாத முடிவில் தாம் எழுதிவைத்த மணித்தியாலக் கணக்கைக் கொண்டுபோய் மேசையில் வைத்தவர்கள். அவர்களைப் பற்றிய கதைகள் எங்கே? மணிக்கூட்டுக்கு அழுதவர்கள் எமது கதாநாயகர்கள் ஆனார்கள். மணிக்கூட்டைக் கையிலெடுத்தவர்களை நாம் எழுதவில்லை.

ஒரே நேரம் என்பது இயற்கையானதல்ல என்பதற்குத் தூரப் போக வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெனீவாவின் தீவுக் கோபுரத்தில் மூன்று மணிக்கூடுகள் பக்கம் பக்கமாக இருந்தன: பாரிஸ் நேரம், ஜெனீவா நேரம், பேர்ண் நேரம். 1894 ஜூனிலேதான் சுவிஸ் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு வந்தது. கோடை நேரம் வேண்டாம் என்று 1978இல் சுவிஸ் மக்கள் வாக்களித்தனர். அயல்நாடுகள் மாற்றிக்கொண்டபோது 1980 கோடையில் இந்த நாடு தனித்தீவாக நின்றது. 1981இல் இணங்கிப்போயிற்று.

எமக்கும் இப்படியொன்று நடந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே 25ஆம் திகதி இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. இந்தப் பத்து ஆண்டும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தையும் திருப்பிக்கொண்டார்கள். இங்கிருந்து தொலைபேசி எடுப்பவர், குளிர்காலத்தில் கொழும்புக்கு ஐந்து மணித்தியாலமும் கிளிநொச்சிக்கு நாலரையும் கூட்ட வேண்டும். கோடையில் நாலும் மூன்றரையும். ஒரு குடும்பத்துக்குள்ளேயே தாய்க்கு ஒரு நேரமும் தமையனுக்கு ஒரு நேரமும். அரை மணித்தியால வித்தியாசத்தில் ஓர் அரசியல் வரைபடமே இருந்தது. 2006க்குப் பிறகு அந்த வித்தியாசம் போயிற்று. 2009இல் அந்த நிலமும் மனிதரும் போனார்கள். இந்த இரட்டை நேரத்தை மையமாக வைத்து எழுதிய ஒரு கதையாவது எமது கண்ணில் படவில்லை. இருந்தால் அனுப்பிவைக்கும்படி கேட்கிறோம்.

எழுத்தாளர்கள் கைவிட்ட இந்த வேலையைச் செய்தவர்கள் ஐயர்மாரும் பஞ்சாங்கம் கணித்தவர்களும். நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு என்று போட்டிருக்கும். ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்ற கணக்கு அது. பகலை எட்டாகப் பிரித்த கடைசிப் பங்கு. திரிம்பாக்கில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 16 மணித்தியாலம். ஆகவே அந்தப் பங்கு இரண்டு மணித்தியாலமாக நீண்டு, மாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குத்தான் முடியும். டிசம்பரில் பகலே எட்டரை மணித்தியாலம். இராகுவுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. நாலே முக்காலுக்கு முன்னே முடிந்துவிடும். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். ஊர்க் காலத்தை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது, இந்த ஊர்ச் சூரியனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை அது சொல்கிறது.

ஐரோப்பாவில் எமது கோயில்களின் தேர் பெரும்பாலும் கோடையில், சனி ஞாயிறில், லீவு பார்த்து வருகிறது. இதனைச் சிலர் சீரழிவு என்கிறார்கள். வேறு சிலர் கேலி செய்கிறார்கள். நாமும் முன்பு செய்தோம். திரிம்பாக்கில் 2013இல் வாடகைக் கட்டடம் விட்டுக் கோயிலாகவே எழுந்த மனோன்மணி அம்பாள் ஆலயத்தைக் கடந்து போகும்போது இப்போது வேறு விதமாக நினைக்கிறோம். கோயில்களில் காசும் அதிகாரமும் சாதியும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் துப்புரவு வேலைக்காரிக்கும் சமையற்காரனுக்கும் எந்த நாள் வசதி என்று பார்த்து ஒரு திருவிழா நாள் குறிக்கப்படும்போது, அங்கே தெய்வம் மனிதருக்காகக் காத்திருக்கிறது. ஊரில் அப்படி நடந்ததில்லை. ஊரில் சிலர் வாசலுக்கு வெளியே காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சுவிஸ் கதையை நினைவுபடுத்த விரும்புகிறோம். பேற்றர் பிக்ஸல் 1935இல் பிறந்து, ஓல்ரனில் வளர்ந்து, ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து, 2025 மார்ச்சில் காலமானவர். 1969இல் வந்த அவரது 'பிள்ளைக் கதைகள்' தொகுதியில், ஞாபகசக்தி மிக்க ஒரு மனிதனைப் பற்றிய கதை இருக்கிறது. அவன் ரயில் நேரசூசி முழுவதையும் மனப்பாடம் செய்தவன். நாள் முழுவதும் ஸ்ரேசனில் நின்று எந்த ரயில் எப்போது வருகிறது, போகிறது என்று பார்ப்பான். ஒருநாளும் ரயிலில் ஏறமாட்டான். எல்லாம் தெரிந்திருக்க ஏன் போக வேண்டும் என்பது அவன் எண்ணம். ஏறுகிறவர்கள்மேல் அவனுக்குக் கோபம்கூட வரும். பிறகு ஸ்ரேசனில் தகவல் நிலையம் திறக்கிறார்கள். அங்கே இருப்பவருக்கு எல்லாம் தெரிகிறது. இவன் தன் நேரசூசிகளை எரித்துவிட்டு எல்லாவற்றையும் மறக்கிறான். ஊரிலுள்ள படிக்கட்டுகளின் படிகளை எண்ணத் தொடங்குகிறான். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு. ஊர்ப் படிகள் முடிந்ததும், வேறு ஊர்ப் படிகளை எண்ணுவதற்காக, வாழ்நாளில் முதல்தடவை ரயிலில் ஏறுகிறான்.

எமது எழுத்தின் கதையும் இதுதான் என்று படுகிறது. 1956இல் ஓடத் தொடங்கி 1990 ஜூனோடு வடக்கே நின்றுபோன யாழ்தேவி எந்தெந்த ஸ்ரேசனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று எமக்கு மனப்பாடம். இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடாத ரயிலின் நேரசூசியை வைத்துக்கொண்டு எழுதினோம். 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போனது. அதில் இன்று போகிறவர்களுக்கு எமது நேரசூசி தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேறு பயணம், வேறு கவலை. ஆனால் நாமோ ஏறுகிறவர்கள்மேல் கோபித்துக்கொண்டு இன்னும் மேடையில் நிற்கிறோம்.

ஊரை நினைப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஊரைப் பற்றிய அந்தத் தகவல்கள் இப்போது எல்லோரிடமும் இருக்கின்றன. எம்மிடம் மாத்திரம் இருப்பது வேறு. எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லாத எமது படிக்கட்டுகள். சிம்மர்ஸ்ருண்டயின் மூன்று மணித்தியாலம். 'என்' அட்டையோடு கழிந்த ஆண்டுகள். இரண்டு இலங்கை நேரங்களுக்கும் கணக்குப் பார்த்து எடுத்த தொலைபேசி. அதிகாலைத் துப்புரவுக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இடையில் ஒரு தாய் ஓடிய ஓட்டம்.

இதில் அவசரமும் உண்டு. எண்பதுகளில் இருபத்தைந்து, முப்பது வயதில் வந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். முழு முதியோர் ஓய்வூதியத்துக்கு இங்கே 44 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். முப்பது வயதில் வந்தவருக்கு அறுபத்தைந்தில் 35 ஆண்டுதான் தேறும். மிச்சம் ஒன்பது ஆண்டும் கணக்கில் இடைவெளி. அந்த ஒன்பது ஆண்டில் அவர் ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்திருக்கலாம், தோட்டம் செய்திருக்கலாம், சிறையில் இருந்திருக்கலாம். அலுவலகத்துக்கு அது வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்ப இலக்கியத்தால் முடியாது; ஒரு பிராங்கும் அது வாங்கித் தராது. ஆனால் அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்று எழுதிவைக்க முடியும். அதனையும் செய்யாவிட்டால், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எம்மிடமிருந்து கிடைக்கப்போவது அப்பாவுக்கு எப்போதும் நேரமில்லை என்ற ஞாபகமும், மாமர நிழலைப் பற்றிய ஒரு கவிதையும் மாத்திரமே.

ஆகவே எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. பழைய வேலை அட்டவணைகளை எறிந்துவிடாதீர்கள். மாதாந்த மணித்தியாலக் கணக்கு எழுதிய கொப்பிகள், காலாவதியான அட்டைகளின் பிரதிகள், பழைய தொலைபேசி அட்டைகள், முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று சுவரில் ஒட்டிவைத்த துண்டு, இவையெல்லாம் இலாச்சிகளில் கிடக்கின்றன. அடுத்த கதையை எழுத உட்காரும்போது மாமரத்துக்குப் போவதற்கு முன் அந்த இலாச்சியைத் திறந்து, அன்று யார் உங்களுக்காகக் காத்திருந்தார்கள், நீங்கள் யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். எழுதும்போது வீட்டிலுள்ள பெண்களிடமும் கேளுங்கள்; அவர்களுடைய பட்டியல் வேறாயிருக்கும்.